போன வேலையைத் திரும்பக் கேட்கலாமா?



நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் வேலை தேடுவது எப்படி, இன்டர்வியூவில் எப்படிப் பேசுவது என்றெல்லாம் பேசியிருக்கிறோம். வேலையை விட்டு நிறுத்தப்பட்டவர் என்ன செய்வது என்று மட்டும் யாரும் எல்லார் முன்னாலும் கேட்பதில்லை. வகுப்பு முடிந்து செருப்பு மாட்டும் நேரத்தில்தான் தனியாக வந்து கேட்பார்கள். "அண்ணே, என்னை வேலைல இருந்து நிறுத்திட்டாங்க. மறுபடியும் அங்கயே போய்க் கேக்கலாமா? கேட்டா அசிங்கமாண்ணே?"

மெங்லெம்பு, சிலிபின், தாசேக் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் பிள்ளைகள் பலர் இதை என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒருவர் கேட்டால் பத்துப் பேர் மனசுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எடுத்துக்கொள்கிறேன்.

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. திரும்பக் கேட்கலாமா என்பது தர்மத்தைப் பற்றிய கேள்வி. எப்படிக் கேட்பது என்பது வழிமுறை பற்றிய கேள்வி. முதலாவதற்கு நம் புராண இதிகாசங்கள் பதில் வைத்திருக்கின்றன. இரண்டாவதற்கு நம் நாட்டுச் சட்டம் பதில் வைத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிப்போம்.

1. உண்மை பேசியதால் வெளியே போனவர்

மகாபாரதத்தில் வன பர்வத்தின் தொடக்கத்திலேயே இந்தச் சம்பவம் வருகிறது. பாண்டவர்கள் காட்டுக்குப் போய்விட்டார்கள். திருதராஷ்டிரனுக்கு மனம் ஆறவில்லை. தம்பியும் அமைச்சருமான விதுரரைக் கூப்பிட்டு, "இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்கிறான். விதுரர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்கிறார்: பாண்டவர்களின் நாட்டைத் திருப்பிக் கொடு; துச்சாதனன் சபையில் எல்லார் முன்னாலும் திரௌபதியிடம் மன்னிப்புக் கேட்கட்டும்.

திருதராஷ்டிரனுக்குக் கோபம் வந்துவிட்டது. நீ எப்போதும் அவர்கள் பக்கம்தான் பேசுகிறாய், இருந்தால் இரு, போனால் போ என்று சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டான். இன்றைய பேச்சில் சொன்னால், "நாளையில இருந்து நீ வர வேணாம்!"

விதுரர் அங்கே நின்று வாதாடவில்லை. காலிலும் விழவில்லை. தேரேறிக் காம்யக வனத்துக்குப் பாண்டவர்களிடம் போனார். அரண்மனையில் திருதராஷ்டிரனால் இருக்க முடியவில்லை. தம்பி இல்லாத சபையை அவனால் தாங்க முடியவில்லை. சஞ்சயனைக் கூப்பிட்டு, "போய் என் தம்பியை அழைத்து வா" என்று அனுப்பினான். சஞ்சயன் காட்டுக்கு வந்து அரசனின் நிலையைச் சொன்னதும், விதுரர் பாண்டவர்களிடம் விடைபெற்றுக்கொண்டு அஸ்தினாபுரம் திரும்பினார். திருதராஷ்டிரன் அவரைக் கட்டிக்கொண்டு, தான் பேசியதற்கு மன்னிக்கச் சொல்லிக் கேட்டான்.

விதுரர் அப்போது சொன்ன பதிலைக் கவனியுங்கள். மன்னித்துவிட்டேன், நீ என் மூத்தவன் என்று மரியாதையோடு தொடங்குகிறார். அதோடு நிறுத்தவில்லை. உன் பிள்ளைகளும் பாண்டுவின் பிள்ளைகளும் எனக்கு ஒன்றுதான், ஆனால் இப்போது துன்பத்தில் இருப்பவர்கள் அவர்கள், அதனால் என் மனம் அங்கே போகிறது என்றும் சொல்லிவிடுகிறார். வேலை திரும்பக் கிடைத்த அன்றே, எந்தக் கருத்துக்காக வேலை போனதோ அதே கருத்தை மறுபடியும் சொல்கிறார்! குரலில் கசப்பு இல்லை, கருத்திலும் மாற்றம் இல்லை.

2. தவறு செய்ததால் வெளியே போனவர்கள்

இரண்டாவது கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். வைகுண்டத்தின் வாசற்காவலர்கள் ஜயன், விஜயன். சனகர் முதலிய நான்கு முனிவர்கள் பெருமாளைப் பார்க்க வந்தபோது, ஏழாவது வாசலில் கோலை நீட்டித் தடுத்துவிட்டார்கள். யாரை விடலாம், யாரைத் தடுக்கலாம் என்று தெரிந்துகொள்வதுதான் காவலரின் வேலை. அந்த வேலையிலேயே தவறிவிட்டார்கள். முனிவர்கள் சபித்தார்கள். இருவரும் உடனே காலில் விழுந்தார்கள்.

பாகவதம் சொல்லும் அடுத்த காட்சி முதலாளிகளுக்கு நல்ல பாடம். சத்தம் கேட்டுப் பெருமாளே வாசலுக்கு நடந்து வருகிறார். என் பணியாளர்கள் செய்த தவறு நான் செய்த தவறுதான் என்று முனிவர்களிடம் சொல்கிறார். ஆனால் சாபத்தை ரத்து செய்யவில்லை. காவலர்கள் போகத்தான் வேண்டும். திரும்பி வரலாம் என்ற உறுதியும் உண்டு.

பரவலாகச் சொல்லப்படும் கதையில், பக்தர்களாக ஏழு பிறவியா, பகைவர்களாக மூன்று பிறவியா என்று கேட்டபோது, சீக்கிரம் திரும்ப வேண்டும் என்பதற்காக இருவரும் மூன்று பிறவியைத் தேர்ந்தெடுத்தார்கள். இரணியாட்சன், இரணியகசிபு, இராவணன், கும்பகர்ணன், சிசுபாலன், தந்தவக்ரன். மூன்றும் முடிந்தபின் அதே வாசலுக்கு, அதே வேலைக்குத் திரும்பினார்கள். "இவங்கதான் தப்புப் பண்ணி வெளியே போனவங்க" என்று வைகுண்டத்தில் யாரும் அவர்களைத் தள்ளி வைக்கவில்லை.

ஆகவே முதல் கேள்விக்குப் பதில் தெளிவு. திரும்பக் கேட்பதில் அசிங்கம் இல்லை. விதுரரும் திரும்பினார், ஜய விஜயர்களும் திரும்பினார்கள். ஆனால் இருவரும் திரும்பிய வழி வேறு. விதுரர் மீது தவறு இல்லை. அவர் நிமிர்ந்து திரும்பினார். ஜய விஜயர்கள் மீது தவறு இருந்தது. அவர்கள் தவறை ஏற்று, அதற்கான காலத்தைக் கழித்துவிட்டுத் திரும்பினார்கள்.

உங்களுக்கு வேலை போயிருந்தால் முதலில் தனியாக உட்கார்ந்து கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுதான்: நான் விதுரர் கதையிலா இருக்கிறேன், ஜய விஜயர் கதையிலா? நண்பர்களிடம் கேட்டால் எல்லாரும் "நீ விதுரர்தான் மச்சான், அந்தச் சூப்பர்வைசர்தான் மோசம்" என்பார்கள். வீட்டில் கேட்டால், "நீ என்னமோ பண்ணியிருக்க, இல்லாட்டி ஏன் நிறுத்துறாங்க?" என்பார்கள். உண்மை உங்களுக்குத்தான் தெரியும். பெரும்பாலும் இரண்டும் கலந்தே இருக்கும். கலந்திருந்தால் எது எவ்வளவு என்று பிரித்து எழுதிப் பாருங்கள்.

3. நம் பழக்கம் எங்கிருந்து வந்தது?

வழிமுறைக்குப் போவதற்கு முன் நம் குடும்பங்களின் ஒரு பழக்கத்தைப் பேசியாக வேண்டும். வேலை போனால் நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? அப்பாவைக் கூட்டிக்கொண்டு போய் மேனேஜரைப் பார்ப்பது. இல்லையென்றால் ஒரு தலைவரைப் பிடித்துச் சிபாரிசு கேட்பது. "கையக் கால புடிச்சாவது" வேலையை வாங்க வேண்டும் என்பது.

இதைக் கேலி செய்யாதீர்கள். பேராக்கில் நம்மில் பலருடைய தாத்தா பாட்டி சுங்கை சிப்புட், கோப்பெங், தாப்பா, பீடோர், பாகான் டத்தோ பக்கத்து ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்தவர்கள். தோட்டத்தில் வேலையும் வாழ்க்கையும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. லயத்து வீடு தோட்டத்துடையது. தண்ணீர் தோட்டத்துடையது. ஆயாக்கொட்டகை, தமிழ்ப்பள்ளி, மாரியம்மன் கோயில் எல்லாமே தோட்டத்து எல்லைக்குள். பெரட்டில் பேர் இல்லை என்று ஆகிவிட்டால் சம்பளத்தோடு கூரையும் போய்விடும். பிள்ளை குட்டியோடு எங்கே போவது? அதனால்தான் கிராணி வீட்டு வாசலிலும் துரை பங்களா படியிலும் கை கட்டி நின்றார்கள். அது கோழைத்தனம் இல்லை. போய்ச் சொல்ல அவர்களுக்கு வேறு வாசல் இல்லை.

வேறு வாசல்களைத் திறக்க முயன்றவர்களும் உண்டு. 1954இல் தோட்டத் தொழிலாளர்களின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது; பி.பி. நாராயணன் அதை வழிநடத்தினார். தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டுத் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தபோது, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் சிறுகச் சிறுகப் போட்ட பணத்தில் சங்கம் தோட்டங்களை வாங்கியது. வெளியே தள்ளப்பட இருந்தவர்களே பங்குதாரர் ஆனார்கள்.

இன்று அந்த ரப்பர் தோட்டங்களில் பல செம்பனையாகவும் தாமானாகவும் மாறிவிட்டன. நாம் பட்டணத்துக்கு வந்துவிட்டோம். வாசலில் கை கட்டி நிற்கும் பழக்கமும் நம்மோடு வந்துவிட்டது. இன்று வேறு வாசல் இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று தெரியாததுதான் நம் பிரச்சினை.

4. அறுபது நாள் வாசல்

அந்த வாசலின் பெயர் 1967ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டம், பிரிவு 20. நியாயமான காரணமோ தக்க விளக்கமோ இல்லாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டதாக ஒரு தொழிலாளி கருதினால், "என்னை என் பழைய வேலையிலேயே மீண்டும் அமர்த்த வேண்டும்" என்று தொழில் உறவு இலாகாவிடம் எழுத்துமூலம் முறையிடலாம். கவனித்தீர்களா? சட்டமே 'பழைய வேலைக்குத் திரும்புதல்' என்பதைத்தான் முதலில் பேசுகிறது. நீங்கள் வெட்கப்பட்டுத் தனியாக வந்து கேட்கும் அதே கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பிரிவே இருக்கிறது.

இதற்குச் சங்க உறுப்பினராக இருக்க வேண்டும் என்பதில்லை. முறையிட வழக்கறிஞர் தேவையில்லை. மலாயில் 'ஜபாத்தான் பெர்ஹுபுங்கான் பெருசஹாஆன்' என்று கேட்டால் இலாகாவைக் காட்டுவார்கள்; ஈப்போவிலும் அலுவலகம் உண்டு. அரசாங்க ஊழியர்களுக்கு மட்டும் இந்த வழி பொருந்தாது. அவர்களுக்குத் தனி விதிமுறைகள் இருக்கின்றன.

நடப்பது இப்படி. முதலில் இலாகா அதிகாரி இரு தரப்பையும் கூப்பிட்டுச் சமரசம் பேசுவார். பல வழக்குகள் அந்த மேசையிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றத்துக்குப் போகும். முன்பெல்லாம் அனுப்பலாமா வேண்டாமா என்று அமைச்சர் முடிவு செய்வார். சட்டத் திருத்தத்துக்குப் பின், 2021 ஜனவரியிலிருந்து, சமரசம் ஆகாத முறையீடுகளை இலாகாவின் தலைமை இயக்குநரே நேரடியாக நீதிமன்றத்துக்கு அனுப்புகிறார்.

"ஒரு மாச நோட்டீஸ் குடுத்துட்டாங்க, இனி என்ன பேச முடியும்?" என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கே பேராக்கோடு தொடர்புள்ள ஒரு தீர்ப்பைச் சொல்ல வேண்டும். 1981இல் ஜே அண்ட் பி கோட்ஸ் என்ற நிறுவனத்துக்கு எதிராக ஒரு தொழிலாளி தொடுத்த வழக்கில் கூட்டரசு நீதிமன்றம் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கியது. முதலாளி ஒரு காரணம் சொல்லி நிறுத்தினால், அந்தக் காரணம் உண்மையில் நிரூபிக்கப்பட்டதா என்று தொழில் நீதிமன்றம் விசாரித்தே ஆக வேண்டும். நோட்டீஸ் கொடுத்துவிட்டோம் என்பது மட்டும் போதாது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் ராஜா அஸ்லான் ஷா. பத்து காஜாவில் பிறந்தவர். 1984 முதல் 2014 வரை பேராக் சுல்தானாக இருந்தவர். நம் மாநிலத்தின் அரசரே எழுதி வைத்த தீர்ப்பு என்று நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இந்தப் பாடத்திலேயே மிக முக்கியமான வரி. வேலைநீக்கம் செய்யப்பட்ட நாளிலிருந்து 60 நாளுக்குள் முறையிட வேண்டும். சனி, ஞாயிறு, தீபாவளி, தைப்பூசம் எல்லாம் சேர்த்து 60 நாள். நோட்டீஸ் கொடுத்து நிறுத்தினால் நோட்டீஸ் காலத்திலேயே முறையிடலாம்; அந்தக் காலம் முடிந்து 60 நாளைத் தாண்டக் கூடாது. காலக்கெடு கண்டிப்பானது என்று நீதிமன்றங்கள் சொல்லிவிட்டன. 61ஆம் நாள் நீங்கள் விதுரராகவே இருந்தாலும் அந்த வாசல் திறக்காது. மேனேஜரிடம் மேல்முறையீடு கொடுத்துக் காத்திருந்தேன் என்பதெல்லாம் கடிகாரத்தை நிறுத்தாது.

5. இரண்டு பேருடைய கதை

எங்கள் வட்டாரத்தில் ஒரு தம்பி. பேரும் வேண்டாம், கம்பெனி பேரும் வேண்டாம். தாத்தா இறந்துபோனதால் நான்கு நாள் வேலைக்குப் போகவில்லை. முதல் நாளே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினான். பதில் வரவில்லை. ஐந்தாம் நாள் போனால் செக்கியூரிட்டியே கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் இதைப் பற்றி என்ன சொல்கிறது? அனுமதி இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை மீறியவராகக் கருதப்படுவார். ஆனால் தகுந்த காரணம் இருந்து, அதை முதலாளியிடம் சொல்லியிருந்தாலோ சொல்ல முயன்றிருந்தாலோ அப்படிக் கருத முடியாது. அந்தத் தம்பியின் போனில் அந்தச் செய்தி அப்படியே இருந்தது. அவன் பக்கம் நியாயம் இருந்தது. அவனுக்குத்தான் அது தெரியவில்லை.

அப்பா மூன்று முறை மேனேஜரைப் பார்க்கப் போனார். "பாப்போம் அங்கிள், அடுத்த வாரம் வாங்க" என்றே பதில். மரியாதையான பதில்தான். அந்த மரியாதையில் ஏழு வாரம் ஓடிவிட்டது. அவன் என்னிடம் வந்தபோது 52ஆம் நாள். மறுநாளே கடிதம், சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் படம், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு இலாகாவுக்குப் போனோம். சமரச மேசையில் கம்பெனி அவனைக் கடைசி எச்சரிக்கைக் கடிதத்தோடு திரும்ப எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட மாதங்களின் சம்பளம் முழுசாகக் கிடைக்கவில்லை. ஆனால் அவன் அதே வாசல் வழியாக, அதே செக்கியூரிட்டிக்கு வணக்கம் சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அதே வருஷம் ஒரு தங்கை வந்தார். அவர் பக்கம் இதைவிட நியாயம் அதிகம். அவரிடம், "நீயே ராஜினாமா குடுத்துடு, அப்பதான் உன் ரெக்கார்டு சுத்தமா இருக்கும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். மிரட்டி வாங்கிய ராஜினாமாவை வேலைநீக்கமாகவே கருதச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் தங்கை தெரிந்தவர் மூலம் முயன்று பார்த்து, முயன்று பார்த்து, 71ஆம் நாள்தான் வந்தார். நியாயம் இருந்தது, நாள் இல்லை. இந்தப் பாடத்தை நான் எழுதுவதே அந்தத் தங்கைக்காகத்தான்.

அதனால் கேட்பதும் முறையிடுவதும் ஒன்றாக நடக்கட்டும். மேனேஜரிடம் மரியாதையாகக் கேளுங்கள். அதே வாரத்தில் இலாகாவிலும் மனுவைக் கொடுத்துவிடுங்கள். மனுக் கொடுப்பது சண்டை போடுவது ஆகாது. பேசித் தீர்ந்துவிட்டால் மனுவை மீட்டுக்கொள்ளலாம். கொடுக்காத மனுவை 61ஆம் நாள் கொடுக்க முடியாது.

எதிர்பார்ப்பிலும் நிதானம் வேண்டும். தொழில் நீதிமன்றம் வேலையில் திரும்ப அமர்த்தச் சொல்லலாம். உறவு முறிந்துவிட்டது, இனி ஒன்றாக வேலை செய்ய முடியாது என்று கருதினால் அதற்குப் பதிலாக இழப்பீடு தரச் சொல்லும். நின்றுபோன சம்பளம் அதிகபட்சம் 24 மாதத்துக்கு; புரொபேஷனில் இருந்தவருக்கு 12 மாதத்துக்கு. உங்கள் மீதும் தவறு இருந்தால் தொகை குறையும். வழக்கு நடக்கும் காலத்தில் சும்மா இருக்காமல் வேறு வேலை தேடுங்கள். விதுரரும் காட்டில் சஞ்சயன் வருவானா என்று வழியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

6. தவறு நம்மீது இருந்தால்

இப்போது ஜய விஜயர் வழி. தொடர்ந்து லேட், எம்.சி. இல்லாமல் லீவு, வேலை நேரத்தில் சண்டை என்று உண்மையிலேயே தவறு செய்துவிட்டீர்கள். பிரிவு 20 உங்களுக்கு அதிகம் உதவாது. ஆனாலும் திரும்பக் கேட்கலாம். அதை ஒரு கடிதமாக எழுதுங்கள். ஒரு பக்கம் போதும். நான்கு விஷயம் இருக்கட்டும்:

• என்ன நடந்தது: தேதியோடு, சுற்றி வளைக்காமல்.
• என் பங்கு என்ன: "டிராபிக், மழை, சூப்பர்வைசர்" என்று ஆரம்பிக்காதீர்கள். ஜய விஜயர்கள் "எங்களுக்கு யாரும் சொல்லவில்லை" என்று சொல்லவில்லை.
• அதற்குப் பின் என்ன மாறியது: இதுதான் கடிதத்தின் உயிர். மோட்டார் பழுதானதால் லேட் என்றால், இப்போது கம்பெனி பஸ் ஏறும் இடத்துக்கு வீடு மாறிவிட்டேன் என்று சொல்ல முடிகிறதா? குடி காரணம் என்றால், எத்தனை மாதமாக விட்டிருக்கிறேன்? மாற்றம் எதுவும் இல்லை என்றால் கடிதத்தை இன்னும் அனுப்பாதீர்கள். முதலில் மாறுங்கள்.
• என்ன கேட்கிறேன்: பழைய வேலையா, கீழ்ப் பதவியானாலும் சரியா, புரொபேஷனில் எடுத்தாலும் சரியா.

கடிதத்தின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். தலைவர்கள் சிபாரிசு வேண்டாம். உங்கள் மாற்றத்தைவிடப் பெரிய சிபாரிசு இல்லை. பழைய கம்பெனியைப் பற்றி டிக்டாக்கில் ஏற்கெனவே பேசியிருந்தால், கேட்கப் போகும் முன் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். "இல்லை" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். ஆறு மாதம் வேறு இடத்தில் ஒழுங்காக வேலை செய்தால், அடுத்த கடிதத்தில் எழுத ஒரு விஷயம் கிடைக்கும். ஜய விஜயர்களுக்கே மூன்று பிறவி ஆயிற்று.

7. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்து

திரும்பப் போக ஒரு விலை இருக்கும். அந்த விலை என்ன என்று பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு நம் காலத்திலேயே மிகப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டில் நடந்தது.

2003 ஜூலை தொடக்கத்தில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அன்றைய அரசு சுமார் 1,70,000 பேரை மொத்தமாக வேலைநீக்கம் செய்தது. விஷயம் இந்திய உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2003 ஆகஸ்ட் 6 அன்று வந்த தீர்ப்பு, அரசு ஊழியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்று சொன்னது. அதே நேரம், வழக்குப் பதிவானவர்கள் போன்ற ஒரு பகுதியினரைத் தவிர மற்றவர்களைத் திரும்ப எடுத்துக்கொள்ள அரசு ஒப்புக்கொண்டதையும் பதிவு செய்தது. நிபந்தனை இரண்டு. நிபந்தனையற்ற மன்னிப்பு, இனி நடத்தை விதியை மீறமாட்டேன் என்ற உறுதிமொழி. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டு வேலைக்குத் திரும்பினார்கள்.

இது சரியா தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். கையெழுத்துப் போட்டவர்களை நாம் குறை சொல்ல முடியாது. குடும்பம் இருந்தது, கடன் இருந்தது. ஒப்பிட்டுப் பாருங்கள்: அமெரிக்காவில் 1981 ஆகஸ்டில் வேலைநிறுத்தம் செய்த 11,000க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரீகன் நீக்கினார். அவர்கள் அந்த வேலைக்கு மறுபடியும் மனுச் செய்யத் தடை நீங்க 1993 ஆயிற்று. கதவு பன்னிரண்டு வருஷம் மூடியே கிடந்தது.

நமக்கு இதிலிருந்து ஒரு சின்ன நடைமுறைப் பாடம் போதும். "நான் செய்த இந்தத் தவறுக்கு வருந்துகிறேன்" என்று எழுதுவது சத்தியம். செய்யாத தவறைச் செய்தேன் என்று எழுதுவது அசத்தியம். முதலாவதில் தயங்காமல் கையெழுத்துப் போடுங்கள். இரண்டாவதில், எவ்வளவு அவசரப்படுத்தினாலும், "வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். செய்யாத திருட்டை ஒப்புக்கொண்டு திரும்பிப் போனால், அந்தக் காகிதம் உங்கள் ஃபைலில் உட்கார்ந்திருக்கும்.

8. திரும்பக் கூடாத வாசல்

விதுரர் கதையில் இன்னொரு பகுதி உண்டு. கண்ணன் தூது வந்த காலத்தில் துரியோதனன் சபையில் விதுரரின் பிறப்பை இழித்துப் பேசினான். பாகவதத்தில், விதுரர் தம் வில்லை வாசலில் வைத்துவிட்டுத் தீர்த்த யாத்திரை போய்விடுகிறார். தமிழ்ப் பாரதக் கதையில் வில்லையே முறித்துப் போடுகிறார். இந்த முறை அவர் அந்தப் பதவிக்குத் திரும்பவில்லை.

முதல் முறை கோபத்தில் வந்த வார்த்தை, சொன்னவனே வருந்தினான். இரண்டாம் முறை மனிதனையே கீழாக்கும் வார்த்தை; சொன்னவனுக்கு வருத்தமே இல்லை. இந்த வித்தியாசத்தை நாமும் பார்க்க வேண்டும். சாதி, இனம், பெண் என்று இழிவுபடுத்தும் இடம், சம்பளத்தை ஏமாற்றும் இடம், பாதுகாப்பு இல்லாத மெஷினில் நிற்கச் சொல்லும் இடம்: அங்கே உங்கள் உரிமைக்காக முறையிடுங்கள், வரவேண்டியதை வாங்குங்கள். ஆனால் அந்த வேலைக்காக ஏங்காதீர்கள்.

பெற்றோருக்கும் நம் இயக்கத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. வேலை போன பிள்ளை கோயிலுக்கு வருவதை நிறுத்திக்கொள்ளும். வகுப்புக்கும் வராது. "இப்ப எங்க வேலை?" என்ற கேள்விக்குப் பயந்துதான். இரண்டு வாரமாக ஒருவரைக் காணவில்லை என்றால் வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். காரணத்தைத் துருவாதீர்கள். "எத்தனையாவது நாள் இது?" என்று மட்டும் கேளுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. வேலை திரும்பக் கிடைத்த பின்னும் விதுரர் அதே கருத்தைச் சொன்னார். உங்கள் வேலையிடத்தில் இது முடியுமா? எப்படிச் சொல்லலாம்?
2. ஜய விஜயர்களின் தவறைப் பெருமாள் தம் தவறாக ஏற்றார், ஆனால் தண்டனையை நீக்கவில்லை. நீங்கள் ஒரு கடைக்கு முதலாளி என்றால் என்ன செய்வீர்கள்?
3. 2003இல் மன்னிப்புக் கடிதம் கொடுத்தவர் இடத்தில் நீங்கள் இருந்தால்?
4. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு வாருங்கள்: தோட்டத்தில் ஒருவருக்கு வேலை போனால் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

வீட்டில் செய்ய வேண்டியது

வேலையில் இருப்பவர்கள் எல்லாரும் இந்த வாரமே ஒரு ஃபைல் போடுங்கள். வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டுகள், லீவு பாரம், எம்.சி. நகல், எச்சரிக்கைக் கடிதம் இருந்தால் அதுவும், முக்கியமான வாட்ஸ்அப் செய்திகளின் படம். வேலை போன பின் இவற்றைத் தேடினால் கிடைக்காது. முதல் பக்கத்தில் பெரிதாக எழுதி வையுங்கள்: 60 நாள்.

அடுத்த வகுப்பில் சந்திப்போம்.